மிச்சத்தைத் தீர்க்கும் உணவா, சேர்த்துவைத்த உணவா? போலந்தின் ‘கொழுப்பு வியாழ’னும் அதன் பலகாரங்களும்

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமையைப் போலந்து மக்கள் ‘கொழுப்பு வியாழன்’ என்று அழைக்கிறார்கள். அன்று காலை வார்சா, கிராகூஃப், போஸ்னான் போன்ற நகரங்களில் பேர்பெற்ற பேக்கரிகளின் வாசலில் நீண்ட வரிசை நிற்கும். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் பெட்டி பெட்டியாகப் பலகாரம் போகும். அன்று ஒன்றாவது சாப்பிடாதவருக்கு அந்த ஆண்டு நல்லபடியாக அமையாது என்ற நம்பிக்கை இன்றும் பேச்சில் இருக்கிறது. பலகாரங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று பொன்ச்கி: ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவை உருண்டையாக்கி, உள்ளே ரோஜா இதழ் ஜாமோ பிளம் பழக்கூழோ வைத்து, கொழுப்பில் பொரித்து, மேலே சர்க்கரைப் பாகு பூசுவார்கள். மற்றது ஃபவோர்கி: மிக மெல்லியதாகத் தேய்த்த மாவை நாடாக்களாக வெட்டி, முறுக்கிப் பொரித்து, பொடித்த சர்க்கரை தூவுவார்கள்; தெற்கே கிராகூஃப் பக்கம் இதற்கு ஹ்ருஸ்ட் என்று பெயர். இவை ஏன் இந்த நாளில் என்று கேட்டால் எங்கும் ஒரே விடைதான் கிடைக்கும். தவக்காலம் தொடங்கிவிட்டால் கொழுப்பு, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடக்கூடாது. ஆகவே வீட்டில் மிஞ்சியிருப்பதைக் கெட்டுப்போகுமுன் தீர்த்துவிட வேண்டும். அப்படித் தீர்த்ததில் பிறந்தவையே இந்தப் பலகாரங்கள் என்பார்கள். எளிமையான, கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் விளக்கம். ஆனால் நாட்காட்டியையும் சரக்கறையையும் செய்முறையையும் சேர்த்துப் பார்த்தால் இது நிற்கவில்லை. பொன்ச்கியும் ஃபவோர்கியும் திட்டமிட்டு, பொருள் சேர்த்துவைத்து, உழைத்துச் செய்த விருந்துணவு. தவக்காலம் அவற்றுக்குக் கொடுத்தது நாளை மட்டுமே என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நாளைப் பார்ப்போம். கொழுப்பு வியாழன் ஈஸ்டருக்கு 52 நாட்களுக்கு முன்பு வரும். ஈஸ்டர் தேதி நிலவை ஒட்டி மாறுவதால் இந்த வியாழனும் ஜனவரி இறுதிக்கும் மார்ச் முதல் வாரத்துக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். 2025-இல் அது பிப்ரவரி 27 அன்று வந்தது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் வருகிறது. மிச்சத்தைத் தீர்ப்பதுதான் நோக்கம் என்றால் அதற்குரிய நாள் வியாழன் இல்லை, புதனுக்கு முந்தைய செவ்வாய்தான். இங்கிலாந்தில் பான்கேக் சுடுவதும் பிரான்சில் ‘கொழுப்புச் செவ்வாய்’ கொண்டாடுவதும் அந்த நாளில்தான். போலந்திலோ அந்தச் செவ்வாய் இரவு மேசைக்கு வருவது உப்பிட்ட ஹெரிங் மீன். நோன்பு நாட்களின் உணவை முன்கூட்டியே பரிமாறி, ஆட்டமும் பாட்டமும் முடிந்தன என்று அறிவிக்கும் வழக்கம் அது. வியாழனைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு தர்க்கம் இருந்திருக்க வேண்டும். பழைய போலந்தில் வெள்ளிக்கிழமையோடு சனிக்கிழமையும் இறைச்சி விலக்கிய நாள். எனவே அந்த வாரத்தில் தடையில்லாமல் உண்ணக் கிடைத்த கடைசி நாள் வியாழன். ஞாயிறு முதல் செவ்வாய் வரை நீளும் இறுதிக் கொண்டாட்டத்துக்கு அது வாசல். தொடக்க நாளில் பரிமாறுவதைத் துடைத்து முடிக்கும் உணவு என்று சொல்வது பொருந்தவில்லை. விருந்துக்கென்று தயார் செய்த உணவுதான் தொடக்கத்தில் வரும்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும். இந்த விழா கிறிஸ்தவத்துக்கும் முற்பட்டது, குளிர்காலம் போய் வசந்தம் வருவதைக் கொழுத்த உணவோடு வரவேற்ற பழைய சடங்கு, அதன்மேல் திருச்சபை தன் நாட்காட்டியைப் பொருத்தியது என்பார்கள். ரோமானியர்கள் மாவைக் கொழுப்பில் பொரித்தது உண்மை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் மூத்த கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், பாலாடைக்கட்டியும் தானியமும் பிசைந்த உருண்டைகளைக் கொழுப்பில் பொரித்துத் தேனில் தோய்த்து, கசகசா தூவும் முறை இருக்கிறது. ஆனால் ஒன்றுபோல் இருப்பது வேறு, ஒன்றிலிருந்து ஒன்று வருவது வேறு. போலந்தைப் பொறுத்தவரை இந்தத் தொடர்ச்சியை நம்ப முடியாதபடி செய்யும் சான்று திருச்சபை வரலாற்றிலேயே இருக்கிறது. 1018-இல் இறந்த மெர்சபர்க் ஆயர் தீட்மார், போலந்து மன்னர் போலெஸ்வாவ் ஹ்ரோப்ரியின் ஆட்சியில் செப்துவாஜெசிமா ஞாயிறுக்குப் பின் இறைச்சி உண்டவரின் பற்களை உடைத்தார்கள் என்று தன் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஞாயிறு ஈஸ்டருக்கு 63 நாட்களுக்கு முன்பு வருவது. அதாவது போலந்தின் நோன்பு மற்ற மேற்கத்திய நாடுகளின் நோன்பைவிட இரண்டரை வாரம் நீளமானது. இன்றைய கொழுப்பு வியாழன் அந்த நோன்புக்கு உள்ளேயே விழும். ஜெர்மானியக் குடியேறிகள் திருநீற்றுப் புதனிலிருந்து நோன்பிருக்க, போலந்து மக்கள் முன்கூட்டியே தொடங்கியதில் பிணக்குகள் எழுந்தன. 1248-இல் விரோத்ஸ்வாஃப் நகரில் கூடிய சங்கத்தில், பின்னாளில் நான்காம் அர்பன் என்ற பெயரில் திருத்தந்தையான தூதர் ஜாக் பந்தலேயோன், எல்லோரும் திருநீற்றுப் புதனில் தொடங்கலாம் என்று அனுமதித்தார். இறைச்சி உண்டால் பல் போகும் வாரத்தில் பன்றிக்கொழுப்பு விழா ஊரறிய நடந்திருக்க முடியாது. மறைவில் யாரோ உண்டிருக்கலாம். அதை விழா என்று சொல்ல முடியாது. ஆக, கொழுப்பு வியாழன் இன்றைய இடத்தில் அமைவதற்கு வேண்டிய வெளி 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே கிடைத்தது. தவக்காலம்தான் இந்த நாளைக் கொடுத்தது என்பதில் மிச்சக் கோட்பாட்டோடு எனக்கு வேறுபாடில்லை. அந்த நாளில் ஏன் இந்தப் பலகாரம் என்பதில்தான் வேறுபடுகிறேன்.

இப்போது சரக்கறைக்குள் போவோம். போலந்துக் கிராமங்களில் பன்றி அறுப்பது குளிர்கால வேலை. இறைச்சி உறைந்து கெடாமல் இருக்கும். தீவனமும் குறையும் காலம். அறுத்த பன்றியின் கொழுப்பை உருக்கி, மண் ஜாடிகளிலும் கற்சாடிகளிலும் ஊற்றி, குளிர்ந்த நிலவறையில் வைப்பார்கள். நீர் வற்ற நன்றாக உருக்கிய கொழுப்பு பல மாதம் கெடாது. தொடைக்கறியை உப்பில் ஊறவைத்துப் புகையூட்டித் தொங்கவிடுவார்கள். அது இன்னும் நீண்ட நாள் இருக்கும். இவை எதையும் பிப்ரவரியில் தீர்த்தே ஆகவேண்டிய நெருக்கடி கிடையாது. இதற்கு உறுதியான சான்று நோன்பின் மறுமுனையில், ஈஸ்டரில் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை போலந்துக் குடும்பங்கள் உணவுக் கூடையைக் கோயிலுக்கு எடுத்துச்சென்று மந்திரித்து வாங்கிவரும். அந்தக் கூடையில் புகையூட்டிய பன்றித்தொடையும் தொத்திறைச்சியும் வண்ணம் தீட்டிய முட்டையும் குதிரைமுள்ளங்கியும் உப்பும் ரொட்டியும் வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி உருவமும் இருக்கும். அந்தத் தொடைக்கறி நோன்புக் காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே, யாரும் தொடாமல் தொங்கியிருந்தது. கொழுப்பு வியாழனன்று காலிசெய்யப்பட்டதாகச் சொல்லப்படும் சரக்கறை உண்மையில் காலியாகவே இல்லை. நோன்பு என்பது பொருள் இல்லாமல் இருப்பது அன்று, இருப்பதைத் தொடாமல் இருப்பது. அப்படியிருக்க, பொன்ச்கி பொரிக்க எடுத்த கொழுப்பு ‘இனி வீணாகும்’ என்று எடுத்ததாக இருக்க முடியாது. ஈஸ்டருக்கும் அதன்பின் வரும் வசந்த கால வேலைகளுக்கும் வேண்டிய சேமிப்பிலிருந்து, இந்த ஒரு நாளுக்காக மனமறிந்து எடுத்ததே அது.

முட்டையின் கதை இதைவிடத் தெளிவானது. கோழி முட்டையிடுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. செயற்கை வெளிச்சம் வருவதற்கு முன்பு, போலந்தின் குறுகிய குளிர்காலப் பகல்களில் முட்டை அரிதாகிவிடும். பகல் நீளத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச்சில்தான் மெல்ல மீளும். ஆக இந்தப் பலகாரத்துக்கு முட்டை உபரியாகக் கிடந்த காலம் இது இல்லை. கிடைத்த சில முட்டைகளைச் சேர்த்துவைக்க வேண்டிய காலம். அதோடு, நல்ல பொன்ச்கிக்கு முழு முட்டை போடுவதில்லை. மஞ்சள் கருவைத்தான் போடுவார்கள். ஒரு கிலோ மாவுக்குப் பத்து, பன்னிரண்டு மஞ்சள் கரு என்பது பழைய வீட்டுச் சமையலில் சாதாரணம். அப்படியானால் அத்தனை வெள்ளைக் கருவும் மிஞ்சும். மிச்சத்தைத் தீர்க்கப் பிறந்த உணவு புதிதாக மிச்சத்தை உண்டாக்குமா? இங்கிலாந்தின் பான்கேக்கைக் காட்டி இதை மறுக்கலாம். அங்கே மிச்சக் கோட்பாடு பொருந்துகிறதே, போலந்தில் மட்டும் ஏன் பொருந்தாது என்று கேட்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தாலே விடை தெரியும். பான்கேக்குக்கு முழு முட்டை, பால், மாவு போதும். கலக்கி உடனே ஊற்றலாம். நாளும் நோன்புக்கு முந்தைய கடைசி நாள். கையில் இருப்பதை அவசரமாக முடிக்கும் உணவின் இலக்கணம் அதுதான். பொன்ச்கி அதன் ஒவ்வொரு விதியையும் மீறுகிறது. பாதி முட்டையை ஒதுக்குகிறது. மாவு இரண்டு முறை பொங்கக் காத்திருக்கிறது. கோடையில் போட்டுவைத்த ஜாமைக் கேட்கிறது. கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

இன்று நாம் அறியும் பொன்ச்கி எப்போது உருவானது என்ற கேள்விக்கும் இந்த வாதத்தில் இடமுண்டு. பழைய பொன்ச்கி ரொட்டி மாவில் செய்து கொழுப்பில் பொரித்த கனமான உருண்டை. அது மாறியதற்குச் சாட்சி சொல்பவர் யென்ஜெய் கிதோவிச் என்ற பாதிரியார். மூன்றாம் ஆகஸ்டின் ஆட்சிக்காலப் பழக்கவழக்கங்களை, அதாவது 1733 முதல் 1763 வரையிலான போலந்து வாழ்க்கையை, விரிவாக எழுதிவைத்தவர். உடை, விருந்து, வழக்குமன்றம், நோன்பு என்று எதையும் விடாமல் பார்த்த கண் அவருடையது. அந்நாளில் பொன்ச்கி எவ்வளவு மாறிவிட்டது என்பதையும் அவர் குறித்திருக்கிறார். முன்பெல்லாம் எறிந்தால் கண் வீங்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது, இப்போதோ அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழும்புகிறது, காற்றடித்தால் தட்டிலிருந்து பறந்துவிடும் போல லேசாகிவிட்டது என்பது அவர் சொல்வதன் சாரம். சாக்சனி அரசவம்சம் போலந்தை ஆண்ட காலம் அது. அரண்மனையிலும் பெருங்குடிகளின் மாளிகைகளிலும் வெளிநாட்டுச் சமையல்காரர்கள் வேலை பார்த்தார்கள். வெண்மையான கோதுமை மாவும் சர்க்கரையும் செல்வர் மேசையில் பெருகின. கிதோவிச்சின் குறிப்பு சமையல் வரலாறாக மட்டும் படிக்கப்படுகிறது. அதில் வேறொன்றும் இருக்கிறது. தவக்கால விதி அந்த முப்பது ஆண்டுகளில் மாறவில்லை. நாளும் மாறவில்லை. மாறியது பலகாரம் மட்டும். நோன்பின் தேவைதான் பலகாரத்தை உருவாக்கியது என்றால், தேவை அப்படியே இருக்கும்போது பலகாரம் ஏன் அடியோடு மாறவேண்டும்? நாளுக்கு ஏற்ற சிறப்பைத் தேடியவர்கள், தங்கள் கைக்கு எட்டியதில் மிகச் சிறந்ததை அந்த நாளுக்குக் கொண்டுவந்தார்கள் என்று கொண்டால்தான் இது விளங்கும்.

அந்தச் சிறப்பு செல்வர் வீட்டைத் தாண்டிப் பரவுவதற்குச் சர்க்கரை மலிவாக வேண்டியிருந்தது. அந்தக் கதையின் முக்கியமான ஒரு கட்டம் இன்றைய போலந்து மண்ணிலேயே நடந்தது. பீட்ரூட் வகைக் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் ஒரே சர்க்கரை என்பதை 1747-இல் பெர்லினில் ஆந்திரயாஸ் மார்கிராஃப் கண்டறிந்தார். அவருடைய மாணவர் ஃபிரான்ஸ் கார்ல் ஆகார்ட், பிரஷ்ய மன்னரின் பண உதவியோடு, சைலீசியாவின் கோனரி என்ற ஊரில் உலகின் முதல் பீட்ரூட் சர்க்கரை ஆலையை 1801-இல் அமைத்தார். அடுத்த ஆண்டு அது உற்பத்தியைத் தொடங்கியது. நெப்போலியன் 1806-இல் பிரிட்டனுக்கு எதிராக விதித்த வணிகத் தடையால் கரும்புச் சர்க்கரை ஐரோப்பாவுக்கு வருவது தடைபட, பீட்ரூட் சர்க்கரைக்கு ஊக்கம் கிடைத்தது. அந்த நூற்றாண்டில் போலந்து நிலப்பகுதியெங்கும் சர்க்கரை ஆலைகள் எழுந்தன. நூற்றாண்டின் நடுவில் வியன்னாவில் அழுத்திய கட்டி ஈஸ்ட் வணிகப் பொருளானபோது, சாராய ஆலையின் நுரையை நம்பி மாவு பொங்குமா பொங்காதா என்று தவிக்க வேண்டிய நிலையும் போயிற்று. 1869-இல் அன்டோனி கசிமியெஷ் ப்ளிக்லே வார்சாவின் நோவி ஷ்வியாத் தெருவில் இனிப்புக் கடை தொடங்கியபோது இவையெல்லாம் கூடியிருந்தன. ரோஜா ஜாம் வைத்த அந்தக் கடையின் பொன்ச்கி நகரத்தின் அடையாளங்களில் ஒன்றானது. பொன்ச்கியின் இன்றைய வடிவத்துக்குப் பின்னால் வேதியியலும் அரசியலும் ஆலைத் தொழிலும் இருக்கின்றன. பழைய சரக்கறையின் அடியில் கிடந்த மிச்சத்திலிருந்து அது எழவில்லை.

செய்முறையை அருகில் போய்ப் பார்த்தால் உழைப்பின் அளவு புரியும். தொடக்கம் பிப்ரவரியில் அன்று, முந்தைய ஜூனில். மணமுள்ள ரோஜா பூத்த காலையில் இதழ்களைப் பறித்து, ஒவ்வோர் இதழின் அடியிலும் உள்ள வெள்ளைப் பகுதியைக் கத்தரித்து நீக்குவார்கள். கசப்பு அங்கேதான் இருக்கிறது. பிறகு இதழ்களைச் சர்க்கரையோடு, உட்புறம் சொரசொரப்பான மண்சட்டியில் போட்டு, மரத்தடியால் தேய்த்துத் தேய்த்து, அடுப்பில் வைக்காமலே பளபளக்கும் செந்நிற விழுதாக்கி ஜாடியில் அடைப்பார்கள். எட்டு மாதம் அது காத்திருக்கும். பொரிக்கும் நாளில் மாவு, மஞ்சள் கரு, வெண்ணெய், பால், ஈஸ்ட் சேர்த்து, கையிலும் பாத்திரத்திலும் ஒட்டாமல் விடும்வரை அடித்துப் பிசைய வேண்டும். கூடவே ஒரு கரண்டி சாராயமோ ரம்மோ சேர்ப்பார்கள். சூட்டில் அது ஆவியாகி வெளியேறும்போது கொழுப்பை உள்ளே இழுக்கவிடாது என்பது சமையல்காரர்கள் சொல்லும் காரணம். குளிர்க்காற்று பட்டால் மாவு அமுங்கிவிடும் என்று கதவு சன்னல்களைச் சாத்திவைப்பார்கள். கொழுப்பின் சூடு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை நிற்க வேண்டும். குறைந்தால் கொழுப்பைக் குடித்துவிடும். கூடினால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கொழுப்பில் ஓர் உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டுவைப்பார்கள். கருகும் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். வேலை சரியாக நடந்ததற்கு அடையாளம், பொன்ச்கியின் நடுவில் சுற்றிவரும் வெளிர்நிறப் பட்டை. நன்றாகப் பொங்கிய மாவு லேசாக இருப்பதால் கொழுப்பில் மிதக்கும். இரு பக்கமும் மாறி மாறிச் சிவக்க, இடுப்புப் பகுதி மட்டும் கொழுப்பில் அமிழாமல் வெளுத்து நிற்கும். பட்டை இல்லாத பொன்ச்கியைப் பார்த்தவுடனே, மாவு சரியாக எழவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பொன்ச்கியை விட்டுவிட்டு ஃபவோர்கியைக் காட்டினால் மிச்சக் கோட்பாட்டுக்குக் கொஞ்சம் பலம் கிடைப்பதுபோலத் தோன்றும். அதில் ஜாம் இல்லை, ஈஸ்ட் இல்லை. மாவு, மஞ்சள் கரு, புளித்த பாலேடு, ஒரு கரண்டி சாராயம் அல்லது வினிகர், அவ்வளவுதான். பாலேடு கெட்டுப்போகும் பொருள். அதைத் தீர்க்க இது நல்ல வழியில்லையா என்று கேட்கலாம். பொருள் எளிமைதான், வேலை எளிமையில்லை. பிசைந்த மாவைப் பலகையில் போட்டு உருட்டுக்கட்டையால் அடிப்பார்கள். மடித்துத் திரும்ப அடிப்பார்கள். மாவுக்குள் காற்று புகுந்தால்தான் பொரிக்கும்போது மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும். கொப்புளமில்லாத ஃபவோர்கி தோற்றுப்போன ஃபவோர்கி. பிறகு பலகையின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து, நாடாக்களாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் கீறலிட்டு, ஒரு முனையை அந்தக் கீறலின் வழியே இழுத்து முறுக்க வேண்டும். நூறு ஃபவோர்கி என்றால் நூறு முறை இதைச் செய்தாக வேண்டும். பாலேட்டைத் தீர்ப்பதுதான் நோக்கமென்றால் சூப்பில் ஊற்றிவிட்டு எழுந்துபோகலாம். ஒரு கோப்பைப் பாலேட்டுக்காக ஒரு பகல் முழுவதையும் செலவிடுபவர் எதையும் தீர்க்கவில்லை. இருக்கும் எளிய பொருளுக்குத் தன் உழைப்பால் மதிப்புக் கூட்டுகிறார்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. இதெல்லாம் மாளிகைகளும் நகரத்து வீடுகளும் பேசும் கதை, ஏழைக் குடியானவர்களுக்கு ரோஜா ஜாம் ஏது, பன்னிரண்டு மஞ்சள் கரு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமையல் நூல்கள் வசதியுள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. 19-ஆம் நூற்றாண்டு வார்சாவில் பெரும் விற்பனை கண்ட சமையல் நூல்களை எழுதிய லூத்சினா ச்வெர்ச்சாகியெவிச்சோவாவின் வாசகர்கள் நகரத்து நடுத்தர வீட்டுப் பெண்கள். கிராமத்தின் அன்றாட உணவு கம்புக்கோதுமை ரொட்டியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும்தான். விழாவுக்கும் பலர் வீட்டில் ஜாமில்லாத, தடித்த மாவுருண்டைகளே பொரிந்தன. கொழுத்த இறைச்சியும் முட்டைக்கோசுமே பெரிய விருந்தாக இருந்தது. ஆனால் இந்த உண்மை மிச்சக் கோட்பாட்டுக்கு எதிராகவே திரும்புகிறது. எதுவும் மிஞ்சாத வீட்டில் மிச்சத்தை எங்கே தீர்ப்பது? அரைவயிற்றோடு கோடையின் புது அறுவடை வரை ஓட்டவேண்டிய குடும்பம், குளிர்காலத்தின் நடுவில் கொழுப்பையும் கோதுமை மாவையும் ஒரே நாளில் தாராளமாகச் செலவிடுகிறதென்றால், அதற்கு முந்தைய வாரங்களில் வாயைக் கட்டியிருக்க வேண்டும். வசதிக்கேற்பப் பொருள் மாறியது. சேர்த்துவைத்துச் செய்வது என்ற அடிப்படை, ஏழை வீட்டில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

எல்லை தாண்டிப் பார்த்தாலும் இதே முடிவுதான் கிடைக்கிறது. பொன்ச்கியின் நெருங்கிய உறவுகள் மத்திய ஐரோப்பாவெங்கும் இருக்கின்றன. வியன்னாவில் கிராப்ஃபன் என்பார்கள். ஜெர்மனியின் பல பகுதிகளில் பெர்லினர் என்பார்கள். கார்னிவல் காலத்தில் உண்ணும் அதே பெர்லினரை ஜெர்மானியர்கள் புத்தாண்டுக்கு முந்தைய இரவிலும் உண்கிறார்கள். அடுத்த நாள் நோன்பு எதுவும் தொடங்குவதில்லை. போலந்தில் வாழ்ந்த யூதர்கள் இதை ‘பொன்ச்கெஸ்’ என்று அழைத்து, ஆலயத்தில் எண்ணெய் விளக்கு அணையாமல் எரிந்த அற்புதத்தை நினைவுகூரும் ஹனுக்கா விழாவில் பொரித்தார்கள். பன்றிக்கொழுப்பு அவர்களுக்கு விலக்கு. எண்ணெயோ வாத்துக்கொழுப்போ அதன் இடத்தைப் பிடித்தது. இஸ்ரேலில் இன்று ஹனுக்கா என்றாலே நினைவுக்கு வரும் சுஃப்கானியா அதன் வழிவந்ததே. ஃபவோர்கியின் உறவுகளும் அப்படியே: இத்தாலியிலும் லித்துவேனியாவிலும் ஹங்கேரியிலும் அது கார்னிவல் பலகாரம், சுவீடனில் கிறிஸ்துமஸ் பலகாரம். மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் நகரத்துக்கு, கார் ஆலை வேலைக்காகப் போலந்து மக்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் பொன்ச்கியை விடவில்லை; ஆனால் நாளை மாற்றிக்கொண்டார்கள். சுற்றியிருந்த அமெரிக்கா கொண்டாடிய கொழுப்புச் செவ்வாய்தான் அங்கே பொன்ச்கி நாள். ஒரே பலகாரம் நான்கைந்து நாட்களோடும் இரண்டு மதங்களோடும் பொருந்திப்போகிறது என்றால், அதை ஒரு நோன்பின் பொருளாதாரம் பெற்றெடுத்தது என்று சொல்ல இடமில்லை. ஒரு சமூகம் தன் பெருநாள் எதுவோ அதற்குத் தன்னிடமுள்ள மிகச் சிறந்த பொரித்த பலகாரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டு இந்த வாதத்துக்கு ஒரு பரிசோதனையே நடத்திக் காட்டியது. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளை வெகுவாகத் தளர்த்தினார். கட்டாய நோன்பு என்பது திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரு நாட்களுக்குச் சுருங்கியது. முட்டை, பால், வெண்ணெய் விலக்கு அதற்கு வெகுகாலம் முன்பே கைவிடப்பட்டிருந்தது. தீர்த்தே ஆகவேண்டிய மிச்சம் என்று எதுவும் இல்லாத நிலையில், மிச்சக் கோட்பாட்டின்படி கொழுப்பு வியாழன் மங்கிப்போயிருக்க வேண்டும். மங்கவில்லை. கம்யூனிச ஆட்சியில் 1976-இல் சர்க்கரைக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. ஏறத்தாழ பத்தாண்டு காலத்துக்குச் சர்க்கரை அளந்து கிடைத்த பொருள். அப்போதும் வியாழனன்று பொரித்தார்கள், கடைகளில் வரிசையில் நின்றார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அட்டைச் சர்க்கரையில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தால்தான் பொன்ச்கி. இன்று நிலைமை தலைகீழ்: ஆண்டு முழுவதும் எந்தக் கடையிலும் பொன்ச்கி கிடைக்கிறது, அந்த வாரத்தில் சூப்பர் மார்க்கெட்டுகள் போட்டி போட்டு விலையைக் குறைக்கின்றன. இது வெறும் வியாபாரமாகிவிட்டது, சேமிப்பும் உழைப்பும் எங்கே என்று கேட்டால், அந்தக் கேள்வியில் உண்மை உண்டு. வீட்டு அடுப்பின் வேலை பெரும்பாலும் பேக்கரித் தொழிலாளர்களின் இரவு வேலையாக மாறிவிட்டது. ஆனாலும் தினமும் கிடைக்கும் ஒன்றுக்காக மக்கள் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட கடையின் வாசலில் குளிரில் நிற்கிறார்கள் என்பதை விலையால் விளக்க முடியாது. மலிவானது பக்கத்திலேயே இருக்கும்போது, மாவு நன்றாக எழுந்த, உண்மையான ரோஜா ஜாம் வைத்த ஒன்றைத் தேடிப்போகிறார்கள். நாளுக்குத் தகுந்தது வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பு அப்படியே இருக்கிறது.

ஒரு பலகாரத்தின் தோற்றக் கதையைத் திருத்துவதில் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. ஏழைகளின், பெண்களின் சமையலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘கெட்டுப்போகாமல் இருக்கச் செய்தார்கள்’, ‘இருந்ததை வைத்துச் செய்தார்கள்’ என்ற விளக்கங்கள் எளிதாக வந்துவிடுகின்றன. அவை சில இடங்களில் உண்மை, பான்கேக்கைப் போல. ஆனால் ஆராயாமல் எங்கும் பொருத்தும்போது, அவை சமைத்தவரின் அறிவை அழித்துவிடுகின்றன. ஜூனில் இதழின் கசப்பை வெட்டி நீக்கியவர் பிப்ரவரியை நினைத்திருந்தார். குளிர்கால முட்டையை எண்ணி எண்ணி ஒதுக்கியவர், ஈஸ்டர் கூடைக்கும் வியாழன் விருந்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார். கொழுப்பின் சூட்டைக் கருவியில்லாமல் கண்ணாலும் காதாலும் அளந்தவரிடம் தலைமுறைகள் கைமாற்றிய தேர்ச்சி இருந்தது. இந்த முன்யோசனையையும் தேர்ச்சியையும் ‘மிச்சம்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது வரலாற்றுப் பிழை மட்டுமல்ல, அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதியும்கூட. நோன்பு போலந்து மக்களுக்கு ஓர் எல்லையை வரைந்து கொடுத்தது. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் என்ன வைப்பது என்பதை முடிவு செய்தவர்கள் சமையலறையில் இருந்தார்கள். விழா உணவுகளின் வரலாற்றை எழுதுபவர் எந்த நாட்டவராக இருந்தாலும் அவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இதில் எது மிஞ்சியது என்பதன்று. இதற்காக யார், எப்போதிருந்து, எதைச் சேர்த்துவைத்தார்கள் என்பதே.